பழைய பெட்டியுள் புதிய அரங்கு

ஒரு பொருளின் உள்ளீட்டை எடுத்தெறிந்துவிட்டுப் புறக்கூட்டை மாத்திரம் பேணிக்கொள்வது விநோதமான செயலாகத் தோன்றலாம். ஆயினும், இந்நூற்றாண்டின் தொடக்கம் முதலாக மேலை நாடுகளில் பலர் இதனை ஒரு கைப்பணி போலவே செய்து வந்திருக்கின்றனர். அவர்கள் விரும்பித் தேடிய கூடு, நின்டெண்டோ நிறுவனத்தின் சாம்பல் நிற விளையாட்டுப் பெட்டி. அதனுள் அவர்கள் குடியேற்றியது, திரைப்படமும் இசையும் வழங்கும் கணினி.

அப்பெட்டி பிறந்த கதையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மசாயுகி உவேமுரா என்னும் பொறியியலாளர் அமைத்த ‘ஃபமிகொம்’ யப்பானில் விற்பனைக்கு வந்தது. செம்மையும் வெண்மையுமாக இருந்த அதனைக் கண்டவுடனே விளையாட்டுச் சாமான் என்று எவரும் சொல்லிவிடுவர். அதே காலத்தில் அமெரிக்காவிலோ தொலைக்காட்சி விளையாட்டு வணிகம் சரிந்து வீழ்ந்தது. தேங்கிய சரக்கினாற் கையைச் சுட்டுக்கொண்ட கடைக்காரர், அத்தகைய பொருளை மீண்டும் ஏற்க மறுத்தனர். ஆகவே லான்ஸ் பார் என்னும் வடிவமைப்பாளர் அதற்கு வேறு கோலம் புனைந்தார். முன்புறக் கதவைத் திறந்து காட்ரிட்ஜை உள்ளே செலுத்திக் கீழே அழுத்த வேண்டும். பார்ப்பவருக்கு அது வீடியோ கசெற் கருவி. 1985ஆம் ஆண்டு ஒக்டோபரில் நியூயோர்க் வட்டாரக் கடைகளில் இவ்வேடத்துடனேயே அது அடியெடுத்து வைத்தது.

வேடம் பலித்தது, ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. காட்ரிட்ஜைத் தாங்கிய 72 முனை இணைப்பு, அழுத்தி அழுத்தித் தளர்ந்தது. தொடர்பு சற்றே பிசகினாலும், உள்ளேயிருந்த காவற்சில்லு இயந்திரத்தை நொடிக்கொரு தடவை மீளத் தொடக்கும். சிவப்பு விளக்கு கண்சிமிட்டும். சிறுவர் காட்ரிட்ஜில் வாயால் ஊதிப் பார்த்தனர். ஈரமூச்சு உலோகத்துக்கு ஆகாதென்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்! இவ்வாறு, கூடு நன்றாயிருந்தும் உயிரற்றுப்போன பெட்டிகள் பரண்களிற் சேர்ந்தன.

இனிக் கணினியின் பக்கம் வருவோம். 2001ஆம் ஆண்டில் வியா நிறுவனம், 17 சென்ரிமீற்றர் பக்கமுடைய சதுரக் கணினிப் பலகையின் அளவுத்திட்டத்தை வெளியிட்டது. நின்டெண்டோ பெட்டியோ ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் அகலமும் 20 சென்ரிமீற்றர் ஆழமும் உடையது. பொருத்தத்தைப் பலர் உடனே கண்டுகொண்டனர். மென்பொருள் மற்றொரு விளையாட்டுப் பெட்டியிலிருந்து வந்தது. அதே 2001இல் மைக்ரோசொப்ட் விற்ற ‘எக்ஸ்பொக்ஸ்’ பெட்டியை, ஆர்வலர் சிலர் திரைப்படம் காட்டும் கருவியாக மாற்ற முனைந்தனர். அவர்கள் இயற்றிய ‘எக்ஸ்பீஎம்சீ’ 2004இல் முதிர்ந்த வடிவம் பெற்றது. 733 மெகாஹேர்ட்ஸ் வேகமும் 64 மெகாபைட் நினைவும் கொண்ட அப்பெட்டி, உயர்தெளிவுப் படங்களுக்கு ஈடுகொடுக்க மாட்டாது திணறியது. 2007இல் லினக்ஸுக்குப் பெயர்க்கும் வேலை தொடங்கவே, அம்மென்பொருள் எந்தக் கூட்டினுள்ளும் புகத்தக்கதாயிற்று. 2014 முதல் அதன் பெயர் ‘கோடி’.

வேலையோ எளிதன்று. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தூண்களை அறுத்தெறிய வேண்டும். பழைய இயந்திரம் விசிறியின்றியே இயங்கியது; புதியதற்குக் காற்றோட்டம் இன்றியமையாதது. மின்வழங்கியை வெளியே வைத்தாலன்றி இடம் போதாது. எல்லாவற்றிலும் நுட்பமானது பொத்தான். பழைய மின்பொத்தானை அழுத்தினால் அது அழுந்தியபடியே நிற்கும். கணினிப் பலகை வேண்டுவதோ கணநேரத் தொடுகை மாத்திரமே. அழுந்தி நின்றால், சில வினாடிகளிற் கணினி தானாகவே அணைந்துவிடும். ஆகவே பொத்தானின் பிடியை நீக்க வேண்டும். அல்லது இயல்பாகவே மீண்டெழும் ‘ரீசெற்’ பொத்தானுக்குக் கம்பியை மாற்ற வேண்டும்.

வீடியோ கசெற் கருவிபோல் நடித்த பெட்டி, இருபது ஆண்டுகளின் பின் மெய்யாகவே அக்கருவியின் தொழிலை ஏற்றது. இதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஒரு மனக்குறையும் உண்டு. இறந்த பெட்டியைக் குடைந்தவரை நான் குறைகூறேன். இணைப்பை மாற்றினால் எழுந்து ஓடக்கூடிய பெட்டியையும் சிலர் குடைந்து, பலகையைக் குப்பையில் இட்டனர். அமெரிக்காவில் இப்பெட்டியின் உற்பத்தி 1995இல் நின்றுவிட்டது. அறுத்த தூணை மீள ஒட்டினாலும் பழைய நிலை திரும்பாது. இணைப்போ தனியாக மலிவில் வாங்கக்கூடியது. கத்தியை எடுக்குமுன் அதை மாற்றிப் பார்த்திருக்கலாம்.

2012இல் உள்ளங்கையளவான ராஸ்பெரி பை கணினி 35 டொலருக்கு வந்த பின்னர், தூண்களை அறுக்கும் தேவையும் பெரிதும் குறைந்தது. 2016 நவம்பரில் நின்டெண்டோ நிறுவனமே தன் பழைய பெட்டியை உள்ளங்கையில் அடங்குமாறு குறுக்கி, 30 விளையாட்டுகளுடன் விற்றது. அதைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே கண்டது, லினக்ஸில் இயங்கும் ஒரு சிறு கணினியை.