புன்னைநல்லூர் மாரியம்மன் வழிபாட்டுப் பயணம்: நோய், நீர், அரசு

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சாவூருக்குக் கிழக்கே அமைந்த புன்னைநல்லூர் மாரியம்மன் கோயில், காவிரிப் படுகை மக்களின் முதன்மையான வழிபாட்டுத் தலங்களுள் ஒன்று. மாரியம்மனை அம்மை நோயின் தெய்வமாக மட்டும் கொள்ளும் விளக்கம் இத்தலத்திற்குப் போதுமானதா என்பதைத் தலவரலாறு, மூலவர் திருமேனியின் இயல்பு, மராட்டியர் திருப்பணி, திருவிழாக் காலம் ஆகிய நான்கின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புன்னைநல்லூர், மாரியம்மன், தஞ்சை மராட்டியர், இரண்டாம் சரபோஜி, அம்மை நோய், நேர்த்திக்கடன்.

முன்னுரை

தென்னிந்திய ஊர்த்தெய்வங்களைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஆயர் ஹென்றி ஒயிட்ஹெட் போன்றோர், மாரியம்மனைப் பெரியம்மையோடு இணைத்தே விளக்கினர். பின்வந்த ஆய்வுகள் பலவற்றிலும் இவ்விளக்கம் நிலைபெற்றது. நோயச்சமே வழிபாட்டின் வேர் எனில், நோய் ஒழிந்தபின் வழிபாடு தளர்ந்திருத்தல் வேண்டும். இந்தியாவில் பெரியம்மையின் இறுதி நிகழ்வு 1975இல் பதிவாயிற்று. 1980 மே மாதத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் அந்நோய் முற்றிலும் ஒழிந்ததாக அறிவித்தது. ஆயினும் புன்னைநல்லூருக்கு வருவோரின் திரள் இன்றும் குறையவில்லை. இம்முரணை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலவரலாறு கூறும் மூன்று செய்திகள்

கோயில் மரபு மூன்று நிகழ்வுகளை அடுக்கிக் கூறுகிறது. முதலாவது, தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவிய வெங்கோஜி 1680இல் சமயபுரத்தில் தங்கியபோது அம்மன் கனவில் தோன்றி, தஞ்சைக்குக் கிழக்கே புன்னைக் காட்டில் தான் புற்றுருவாய் இருப்பதை உணர்த்தினாள் என்பது. மன்னர் காட்டைத் திருத்தி வழியமைத்துக் கூரை வேய்ந்தார் என்பர். இரண்டாவது, முதலாம் துளஜாவின் (1728–1736) மகள் நோயினால் இழந்த கண்பார்வையை இங்கு வழிபட்டு மீளப் பெற்றாள் என்பது. மூன்றாவது, சதாசிவ பிரம்மேந்திரர் புற்று மண்ணைக் கொண்டு அம்மன் திருமேனியை அமைத்துச் சக்கரம் நிறுவினார் என்பது.

இச்செய்திகளை நிகழ்ச்சிப் பதிவுகளாகக் கொள்வதினும், அவை எதனை நிலைநாட்ட முயல்கின்றன என வினவுவதே பயனுடையது. வெங்கோஜியின் காலத்தில் திருச்சிராப்பள்ளி வட்டாரம் மதுரை நாயக்கர் அரசைச் சார்ந்திருந்தது. வேற்றரசின் எல்லைக்குள் வழிபடச் சென்ற மன்னரை, 'உன் நகரின் அருகிலேயே இருக்கிறேன்' என அம்மன் திருப்பியனுப்புவதாகக் கதை அமைந்துள்ளது. மராத்தி மொழி பேசும் புதிய அரச மரபுக்குத் தமிழ்நிலத்துத் தாய்த்தெய்வம் ஒன்றைத் தலைநகரின் வாயிலிலேயே இக்கதை உரிமையாக்கித் தருகிறது. துளஜா மகள் கதை, குடிமக்கள் வேண்டிவரும் குறையை அரண்மனைக்குள்ளும் காட்டுகிறது. அரசகுமாரியும் ஏழைப் பெண்ணும் ஒரே வேண்டுதலோடு ஒரே சந்நிதியில் நிற்கும் நிலை இதனால் உருவாகிறது. துறவியின் கதையோ புற்று வழிபாட்டை ஆகம மரபோடு பிணைக்கிறது. ஆக, புன்னைக் காட்டில் முன்பே இருந்த புற்று வழிபாட்டை அரசும் வைதிக மரபும் அடுத்தடுத்து ஏற்றுக்கொண்ட வரலாறே இக்கதைகளின் அடிநாதம் எனலாம்.

மண் திருமேனியும் குளிர்ச்சியும்

மூலவர் புற்றுமண்ணால் ஆனமையால் அபிடேகம் செய்யப்படுவதில்லை. நீராட்டு உற்சவ மூர்த்திக்கே உரியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மூலவருக்கு ஒரு மண்டலம் தைலக்காப்பு நிகழும். அந்நாள்களில் வெண்துணியில் அம்மன் உருவம் வரையப்பெற்று, அவ்வுருவத்திற்கே பூசை நடைபெறும். தைலக்காப்பினால் மிகும் வெம்மையைத் தணிக்கத் தயிர்ப் பள்ளயம் படைக்கப்படும். கோடையில் அம்மன் திருமுகத்தில் முத்து முத்தாய் வியர்வை அரும்புவதால் 'முத்துமாரி' எனப் பெயர் பெற்றாள் என்பது மக்கள் வழக்கு.

இங்கு நோக்கத்தக்கது, வெம்மை அம்மனுக்கும் உரியதாகக் கருதப்படுவதே. திருமேனிமேல் நீரைச் சொரிய இயலாத நிலையில் அதனைச் சுற்றி நீரை நிறுத்தும் வழக்கம் உருவாயிற்று. அம்மையுற்றோர் நலம்பெற வேண்டிக் கருவறையைச் சூழ்ந்த உள்தொட்டியில் நீர் நிரப்புதல் இத்தலத்தின் தனிச்சிறப்பான நேர்த்திக்கடன். கட்டி, மரு போன்றவை நீங்க வேண்டுவோர் வெல்லக்குளத்தில் வெல்லம் இடுவர். வெல்லம் கரைவதுபோல் அவையும் கரையும் என்பது நம்பிக்கை. தெய்வத்தைக் குளிர்வித்தால் உடலும் குளிரும் என்னும் கருத்தே இவ்வனைத்து வழக்கங்களையும் இணைக்கிறது. அம்மை நோய் அவ்வெம்மையின் ஒரு வடிவம், ஒரே வடிவமன்று.

சரபோஜியின் கற்றளியும் மருத்துவமும்

மகாமண்டபம், நர்த்தன மண்டபம், கோபுரம், இரண்டாம் திருச்சுற்று ஆகியவை இரண்டாம் சரபோஜியின் (1798–1832) திருப்பணிகளாகக் கோயில் மரபில் குறிக்கப்படுகின்றன. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் நிருவாகம் கும்பினியார் கைக்குச் சென்றது. படையும் வரிவசூலும் இழந்த மன்னருக்குத் திருப்பணி, சத்திரம், நூலகம், மருத்துவம் ஆகியவையே அரசத்தன்மையை வெளிப்படுத்தும் களங்களாயின. பெரியகோயிற் சுவரில் 1803இல் போன்சலே மரபின் வரலாற்றைப் பொறிக்கச் செய்ததும் இதே நோக்கினது.

சரபோஜியின் மருத்துவ ஈடுபாடு இத்தலத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. தன்வந்திரி மகாலில் இந்திய மருத்துவமும் ஐரோப்பிய மருத்துவமும் பயிலப்பட்டன. கண்நோயாளர் 40க்கும் மேற்பட்டோரின் சிகிச்சைக் குறிப்புகள், கண்களின் வண்ண ஓவியங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. பெரியம்மை பார்வையிழப்புக்குப் பெருங்காரணமாய் இருந்த காலம் அது. கண்பார்வை மீண்ட கதையால் புகழ்பெற்ற கோயிலுக்கு மண்டபம் எழுப்பிய மன்னரே கண்சிகிச்சையின் விளைவுகளையும் பதிவு செய்வித்தார். இவ்விரண்டிற்கும் முரண்பாடு உண்டென அவர் கருதியமைக்கு அச்செயல்களில் அடையாளமில்லை.

இச்சூழல் தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. ஜென்னரின் அம்மைப்பால் முறை 1802இல் இந்தியாவை அடைந்தது. அதனைத் தமிழ்மக்கள் ஏற்கும்பொருட்டு, சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் (இறப்பு 1819) சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையிலான உரையாடலாக ஒரு கதையை இயற்றினார். புதிய மருத்துவமும் அம்மனின் வாய்மொழியாகவே மக்களைச் சென்றடைய வேண்டியிருந்தது என்பதற்கு இது சான்று. மருத்துவம் வந்ததும் வழிபாடு விலகும் என்னும் நேர்க்கோட்டு வரலாறு இங்குப் பொருந்தவில்லை.

ஆவணி ஞாயிறும் ஆற்றுநீரும்

திருவிழாக் காலம் மேலும் வலுவான சான்றைத் தருகிறது. பெரியம்மை கோடையில் பரவி மழைக்காலத்தில் தணியும் இயல்பினது. நோய்க்காலமே வழிபாட்டுக் காலம் எனில், பங்குனியும் சித்திரையும் இங்குத் தலைமை பெற்றிருத்தல் வேண்டும். ஆனால் புன்னைநல்லூரில் பெருந்திரள் கூடுவது ஆடியிலும், சிறப்பாக ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளிலுமே. குடகு மலையின் தென்மேற்குப் பருவமழையால் பெருகிய காவிரி படுகையின் வாய்க்கால்களை நிறைத்தபின், சம்பா சாகுபடி தொடங்கும் பருவம் இது. 1934இல் மேட்டூர் அணை இயங்கத் தொடங்கி, சூன் 12 திறப்பு நாளாக வழங்கிய பின்னரும் இவ்வொழுங்கு பெரிதும் மாறவில்லை.

கோடையில் நேர்ந்துகொண்ட கடனை நீர்வந்த காலத்தில் செலுத்துதல் எனும் முறை இதிலிருந்து உய்த்துணரத்தக்கது. வெம்மையுற்ற உடலும் வெடித்த வயலும் ஒருங்கே குளிரும் பருவத்தில் பயணம் அமைகிறது. 'மாரி' என்னும் சொல் மழையைக் குறிப்பதும், தலத்தின் வழக்கங்கள் அனைத்தும் நீரைச் சுற்றி அமைவதும் இவ்விடத்தில் ஒன்றையொன்று வலியுறுத்துகின்றன.

முடிவுரை

பெரியம்மை மறைந்தபின்னும் இவ்வழிபாட்டுப் பயணம் நிலைத்தமைக்குக் காரணம், அது தொடக்கம் முதலே ஒரு நோயை மட்டும் பற்றி நின்றதில்லை என்பதே. வெம்மை, குளிர்ச்சி, நீர் என்னும் கருத்தமைப்பில் நோய் ஓர் உறுப்பு. அரசு அதனைச் சூழக் கல்மண்டபங்களை எழுப்பியது. நடுவில் உள்ள மண் திருமேனியை மாற்றவில்லை. 1855இல் மராட்டிய அரசு முடிவுற்ற பின்னரும் கோயில் அரண்மனை தேவஸ்தானத்தின்கீழ்த் தொடர்ந்தது. மக்கள் வருகையும் தொடர்ந்தது.

நோய்த்தெய்வம் என்னும் ஒற்றை விளக்கம் உழவர் பெருமக்களின் நீர்சார்ந்த அறிவை வரலாற்றினின்றும் மறைத்துவிடுகிறது. ஆவணி ஞாயிறு எவ்வாறு தலைமை பெற்றது, கூடிய மக்களுக்கு அரண்மனை எத்தகைய ஏற்பாடுகளைச் செய்தது என்னும் வினாக்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மோடி ஆவணத் தமிழாக்கங்களின் வழி ஆராய்தல் அடுத்தகட்டப் பணியாகும்.