மஞ்சள் விளக்கு எத்தனை விநாடி?

போன வாரம் ஒரு எஸ்எம்எஸ். சிவப்பு விளக்கைத் தாண்டினேனாம், அபராதம் கட்டணுமாம். இணைப்பைத் திறந்தால் என் கார் இரண்டு படங்களில்: ஸ்டாப் லைனில் ஒன்று, சந்திப்பின் நடுவில் ஒன்று. பூனாவில் பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், இதுதான் முதல் தடவை. வலப்பக்கம் திரும்பப்போன நேரத்தில் மஞ்சள் விழுந்தது. பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி. பிரேக் போட தைரியம் வரவில்லை.

பணத்தைக் கட்டிவிட்டேன். ஆனால் மஞ்சள் எத்தனை விநாடி எரிந்தது என்று படத்தில் இல்லையே!

கேமரா எளிய சங்கதிதான். ரோட்டுக்கு அடியில் கம்பிச்சுருள், அல்லது மேலே வீடியோ. சிவப்பு விழுந்தபின் கோட்டைத் தாண்டினால் படம் எடுக்கும். சிக்கலெல்லாம் மஞ்சளில்.

1960இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த காசிஸ், ஹெர்மன், மாராடூடின் மூவரும் இதைக் கணக்காகப் போட்டார்கள். (இந்த ராபர்ட் ஹெர்மன்தான் 1948இல் ஆல்ஃபருடன் சேர்ந்து பெருவெடிப்பின் மிச்சக் கதிர்வீச்சைக் கணித்தவர். அண்டத்திலிருந்து டிராஃபிக்குக்கு!) மஞ்சள் குறைவாக இருந்தால், நிற்கவும் முடியாமல் சிவப்புக்கு முன் தாண்டவும் முடியாமல் மாட்டிக்கொள்ளும் ஒரு தூரம் உண்டு என்று காட்டினார்கள். அந்த வழியில் வந்த சூத்திரப்படி 50 கி.மீ. வேகத்துக்கு சுமார் 3.3 விநாடி வேண்டும்.

கேமரா வந்தபின் டிரைவர்கள் மாறினார்கள். 2005இல் அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் வெளியிட்ட ஆய்வில், குறுக்கே மோதும் விபத்து சுமார் 25% குறைந்தது; பின்னால் வந்து இடிப்பது சுமார் 15% கூடியது. சடன் பிரேக்கின் கைங்கரியம். குறுக்கே மோதுவதுதான் ஆளைக் கொல்லும் என்பதால் மொத்தத்தில் லாபம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

2013இல் ஆரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவரின் மனைவிக்கும் இப்படி ஒரு அபராதம் வந்தது. மனுஷர் சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தார். நேரே போகிற வண்டி வேகம் குறையாமல் தாண்டிவிடும். திரும்புகிற வண்டி வேகத்தைக் குறைத்தாக வேண்டும், அதற்கு அந்த மஞ்சள் போதாது. சொன்னதற்குப் பரிசு, லைசென்ஸ் இல்லாமல் பொறியியல் பேசினார் என்று மாநில வாரியம் போட்ட 500 டாலர் அபராதம். வழக்குப் போட்டு 2018இல் ஜெயித்தார். மூவரில் மிஞ்சியிருந்த மாராடூடினே அவர் பக்கம் நின்றார். 2020இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் சங்கம் திரும்பும் வண்டிகளுக்கும் கணக்கைத் திருத்தியது.

ஞாயிறு காலை ஸ்டாப்வாட்ச்சோடு போய் எங்கள் சந்திப்பில் நின்றேன். டீக்கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் 3 விநாடிதான்.