வண்டியின் வயதும் ஓட்டுபவரின் வயதும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளுக்குக் கொரியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரும் வயதான பொறியாளர் ஒருவர் இங்கே கார் வாங்கி இன்சூரன்ஸ் எடுக்கப் போனால், அவர் நாட்டில் முன்னால் நிற்கும் வயதுக் கேள்வி இங்கே பின்னுக்குப் போய்விடுகிறது. ஜப்பானியப் பாலிசிகளில் 21, 26, 30 என்று வயது வரம்பு வைத்து அதற்கேற்பப் பிரீமியம் வாங்குவது வழக்கம். கொரியாவிலும் ஏறத்தாழ இதே முறை. நம் ஊர் விண்ணப்பமோ இன்ஜின் எத்தனை சி.சி., எந்த ஆண்டுத் தயாரிப்பு, எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவு என்று வண்டியைத்தான் விசாரிக்கிறது. 2022 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த தேர்ட் பார்ட்டி (அடிபடும் மூன்றாம் நபருக்கான காப்பீடு) கட்டணப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையிலான சொந்த காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய். ஓட்டுபவருக்கு 25 வயதானாலும் 75 ஆனாலும் அதில் ஒரு ரூபாய் மாறாது. இதை இந்திய இன்சூரன்ஸின் அலட்சியம் என்று சொல்வோர் உண்டு. வரலாற்றைப் பார்த்தால், தெரிந்தே அமைத்த ஒரு முறை தேவைக்கு மேல் நீடித்துவிட்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இதன் வேர் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. பிரிட்டன் 1930-இல் கட்டாயக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றலாமா என்று ஆராய 1936–37-இல் இங்கே ஒரு குழு அமைந்தது. சட்டம் 1939-இல் நிறைவேறியும் கட்டாயக் காப்பீட்டுக்கான அத்தியாயம் 1946 ஜூலை 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அந்த அத்தியாயத்தின் அக்கறை ஓட்டுபவர்மேல் இல்லை, ரோட்டில் அடிபட்டவர்மேல். இன்சூரன்ஸ் கம்பெனி என்னென்ன காரணம் சொல்லிப் பணம் தர மறுக்கலாம் என்பதை 96-ஆம் பிரிவு ஒரு சிறு பட்டியலுக்குள் அடைத்துவிட்டது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார், பாலிசியில் பெயர் சொல்லி விலக்கப்பட்டவர் ஓட்டினார் என்பவை அதில் உண்டு. ‘இந்த வயதுக்கு உட்பட்டவர் ஓட்டினார்’ என்பது இல்லை. ஆகவே ஜப்பானைப் போல வயது வரம்பு போட்டிருந்தாலும், அடிபட்டவரிடம் அதைக் காட்டிக் கம்பெனி தப்பித்திருக்க முடியாது.

ஆனால் ஒரு கேள்வி எழும். ஏறத்தாழ இதே சட்டம் இருந்த பிரிட்டனில் இன்று ஓட்டுபவரின் வயதுதானே பிரீமியத்தின் முதல் அளவுகோல்? சரிதான், சட்டம் மட்டும் இதை விளக்காது. இரண்டு காரணங்களைச் சேர்க்க வேண்டும். ஒன்று, கார் வைத்திருந்தவர் வேறு, ஓட்டியவர் வேறு. சம்பள டிரைவர் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் முதலாளியின் வயதைக் கேட்டு என்ன பயன்? இது என் ஊகம்தான். ஆனால் இன்றும் கம்பெனி காரில் டிரைவரோடு வேலைக்குப் போய்வரும் வெளிநாட்டு அதிகாரிகளைப் பார்க்கையில் அது வலுப்படுகிறது. மற்றது, டாரிஃப். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கட்டண அட்டவணை. 1973-இல் பொதுக் காப்பீடு தேசியமயமாகி, 107 நிறுவனங்கள் நான்கு அரசுக் கம்பெனிகளாகச் சுருங்கின. அவற்றில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. நான்கும் ஒரே விலைக்கு விற்கையில், நிதானமான ஓட்டுநரைத் தேடிப் பிடித்து விலை குறைக்க யாருக்கும் தூண்டுதல் இல்லை. 1996-இல் ஹூண்டாய் இந்தியாவில் கால் வைத்து, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியே அனுப்பியபோதும் நிலைமை இதுவே.

காப்பீட்டுத் துறைக்குத் தனியார் வந்ததும் இது உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. முருகப்பா குழுமத்தோடு ஜப்பானின் மிட்சுய் சுமிடோமோ கூட்டுச் சேர்ந்து சென்னையில் சோழமண்டலம் எம்.எஸ். காப்பீட்டு நிறுவனத்தை நடத்தத் தொடங்கியபோது, தன் நாட்டில் வயதைக் கேட்டே விற்ற நிறுவனம் இங்கே டாரிஃபுக்குக் கட்டுப்பட்டு வயதை ஒதுக்கிவிட்டு விற்க வேண்டியிருந்தது. சொந்தச் சேதத்துக்கான கட்டணம் 2007 ஜனவரியில்தான் அவிழ்த்துவிடப்பட்டது. தேர்ட் பார்ட்டி இன்னும் அரசு நிர்ணயம்தான். அப்படியானால் நிதானமாக ஓட்டும் பெரியவர் வேகக்கார இளைஞனுக்காகவும் சேர்த்துக் கட்டுகிறாரே என்பது நியாயமான ஆட்சேபம். அதற்கு டாரிஃப் வைத்திருந்த பதில், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கழிவு தரும் நோ கிளைம் போனஸ். அது வண்டியோடு போகாமல் ஆளோடு போகிறது. 2002-ஆம் ஆண்டு டாரிஃபில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு விதி உண்டு: வெளிநாட்டில் சேர்த்த போனஸுக்குச் சான்று காட்டினால், அந்தப் பாலிசி முடிந்து மூன்றாண்டுக்குள் இங்கே எடுக்கும் பாலிசியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். கடல் கடந்து வந்த ஆளை அந்த அட்டவணை கண்ணெடுத்துப் பார்த்த அபூர்வமான இடம் அது.

வயது முற்றாக விடுபட்டுவிட்டது என்பதும் சரியில்லை. அது லைசென்ஸ் வழியே உள்ளே வருகிறது. வண்டியை யாரும் ஓட்டலாம், விபத்து நேரத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பதே இந்தியப் பாலிசியின் ஓட்டுநர் நிபந்தனை. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான சர்வதேச அனுமதி ஓராண்டுக்குத்தான். ஆண்டுக்கணக்கில் தங்குபவர் இந்திய லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். அதற்கு வயதில் மேல் வரம்பு கிடையாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 55 வயதைத் தாண்டியவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், அதோடு மருத்துவச் சான்று. காலாவதியான பின் கிடைத்த 30 நாள் சலுகையும் அந்தத் திருத்தத்தோடு போயிற்று. தேதி தவறினால் அடிபட்டவர் கைவிடப்படுவதில்லை. ஸ்வரண் சிங் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கம்பெனியை முதலில் கொடுக்கவைத்து, நிபந்தனை மீறிய உரிமையாளரிடம் பிறகு வசூலித்துக்கொள்ள விடலாம். நொறுங்கிய சொந்த காருக்குத்தான் ஒன்றும் கிடைக்காமல் போகும்.

வயது இன்னும் கடுமையாக நுழைவது இழப்பீட்டுக் கணக்கில். சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பட்டியலில், இறந்தவருக்கு 15 முதல் 25 வயதுவரை என்றால், அவரைச் சார்ந்தவர்களின் ஆண்டு வருமான இழப்பை 18-ஆல் பெருக்க வேண்டும். 61 முதல் 65 வரை என்றால் 7, 66 முதல் 70 வரை என்றால் 5. அந்த இழப்பீடாவது கிடைக்குமா என்பது அவர் வண்டியில் எங்கே இருந்தார் என்பதையும் பொறுத்தது. இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு ஆலோசகராக வரும் ஓய்வுபெற்றவரும், பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோரும் பெரும்பாலும் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை, பின் சீட்டில் உட்காருகிறார்கள். சொந்த உபயோக வண்டியில் கட்டணமில்லாமல் பயணிப்பவர், சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சப் பாலிசியில் மூன்றாம் நபராகவே எண்ணப்படமாட்டார் என்று திலக் சிங் வழக்கில் 2006-இல் தீர்ப்பானது. சொந்தச் சேதத்தையும் சேர்த்த பேக்கேஜ் பாலிசி அவரையும் உள்ளடக்கும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் தெளிவுபடுத்தியது. ஆகவே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் மகனின் காரில் ஏறும் எழுபது வயதுக்காரர் விசாரிக்க வேண்டியது, அந்த வண்டிக்கு இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டியா, பேக்கேஜா என்பதைத்தான்.