உவர்நீரும் உருகிய சோடியமும்: சுழல்தண்டைத் தொடாமல் அளக்கும் உணரிகளின் வரலாறு – மரக்காணம், கல்பாக்கம் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சுழலும் பொறிகளின் தண்டைத் தொடாமலே அதன் அசைவை அளக்கும் சுழல் மின்னோட்ட உணரி, கடந்த அறுபது ஆண்டுகளில் மின்நிலையங்களின் இன்றியமையாக் காவற்கருவியாக வளர்ந்துள்ளது. அவ்வளர்ச்சியின் அறிவியல் பின்புலத்தை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. மரக்காணம் உப்பளக் கடற்கரையின் உவர்நீரிலும் கல்பாக்கம் அணுஉலையின் உருகிய சோடியத்திலும் இவ்வுணரி எவ்வாறு வேறுபட்டு நடந்துகொள்கிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சுழல் மின்னோட்டம், சுழல்தண்டு, அதிர்வு, தாங்கி, மரக்காணம், கல்பாக்கம், நரோரா.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம், பக்கிங்காம் கால்வாயின் தென்முனையில் அமைந்த பழைய உப்பு விளையிடம். உவர்நீரைத் தூக்கிப் பாத்திகளில் பாய்ச்சுவதே உப்பளத் தொழிலின் முதற்பணி. தமிழகக் கடற்கரை உப்பளங்களில் ஏற்றம் செய்த இவ்வேலையைப் பின்னாளில் எண்ணெய்ப் பொறிகளும் மின்மோட்டார்களும் ஏற்றன. ஏற்றத்தின் பழுது கண்ணுக்குத் தெரியும். மோட்டாரின் தண்டு தேய்வதோ உறைக்குள் மறைந்திருக்கும். மரக்காணத்திற்கு வடக்கே, நேர்க்கோட்டில் 50 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் உள்ள கல்பாக்கத்தில் இதே கடல்நீரைப் பெரும் நீரேற்றிகள் அணுமின் நிலையத்திற்கு இழுக்கின்றன. அங்குத் தண்டின் மறைந்த அசைவை அறிவது பொதுமக்கள் பாதுகாப்போடு தொடர்புடையது.

அறிவியல் பின்புலம்

சுழலும் செப்புத்தட்டு காந்த ஊசியைத் தன்னோடு இழுத்துச் செல்வதை 1824இல் பிரான்சு நாட்டு அரகோ கண்டார். 1831இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதற்கு விளக்கம் தந்தது. மாறும் காந்தப்புலத்திலுள்ள உலோகத்தில் வட்டவடிவ மின்னோட்டங்கள் எழுவதை 1855இல் ஃபோகால்ட் ஆராய்ந்தார். அவர் பெயராலும் வழங்கும் இம்மின்னோட்டங்களே சுழல் மின்னோட்டங்கள் எனப்படுகின்றன.

தண்டின் இயக்கவியல் வேறொரு பாதையில் வளர்ந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்திற்கு மேல் தண்டு நிலைத்துச் சுழல இயலாது என 1869இல் ரேங்கின் கருதினார். சுவீடனைச் சேர்ந்த டி லவால், வளையும் இயல்புடைய மெல்லிய தண்டைக் கொண்ட நீராவி விசையாழியை அவ்வேகத்திற்கு மேல் இயக்கிக் காட்டினார். இம்முரணை 1919இல் ஜெஃப்காட் தீர்த்துவைத்தார். 1920களில் நியூகிர்க், தாங்கியிலுள்ள எண்ணெய்ப் படலமே தண்டைச் சுழற்றி அலைக்கழிக்கக்கூடும் என நிறுவினார். தொடக்க நிலையில் இவ்வலைவு, சுழற்சி வேகத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவான அதிர்வெண்ணில் தோன்றும். அதாவது, தாங்கிக்குள் தண்டு எங்கே நிற்கிறது, எவ்வாறு அசைகிறது என்பதை அறியாமல் பொறியின் நலத்தைக் கணிக்க இயலாது என்பது கோட்பாட்டளவில் முன்பே தெளிவாகியிருந்தது. அதை அளக்கும் நம்பகமான கருவி மட்டுமே இல்லை.

தொடுதலிலிருந்து தொடாமைக்கு

தொடக்கத்தில் அதிர்வைப் பொறியின் உறைமீது அளந்தனர். கனத்த உறையும் இலேசான சுழலியும் கொண்ட பொறிகளில் தண்டின் அசைவு உறைக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை. தண்டின்மீது உரசிச் செல்லும் கோல்களையும் பயன்படுத்தினர். உயர்வேகத்தில் அவை தேய்ந்தன.

அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் பென்ட்லி, 1950களில் சுழல் மின்னோட்ட உணரிகளை வணிகப் பொருளாக்க முற்பட்டார். 1961இல் நெவாடா மாநிலத்து மிண்டனில் அவருடைய பென்ட்லி நெவாடா நிறுவனம் அமைந்தது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 1976இல் வெளியிட்ட 670ஆம் எண் தரவரையறை, இவ்வுணரிகளைப் பெரும்பொறிகளின் வழக்கமான உறுப்பாக்கியது.

உணரியின் முனையிலுள்ள சிறு கம்பிச்சுருள், பல இலட்சம் ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை எழுப்புகிறது. எதிரேயுள்ள தண்டின் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் தோன்றி ஆற்றலை உண்கிறது. இடைவெளி குறையக் குறைய இழப்பு மிகும். இம்மாற்றம் மின்னழுத்தமாக வெளிவரும். பரவலாக வழங்கும் அளவீட்டில் 1 மி.மீ. இடைவெளி மாற்றத்திற்கு 7.87 வோல்ட் கிடைக்கிறது. 25 மைக்ரோமீட்டர் அசைவும் ஏறத்தாழ 0.2 வோல்ட்டாகத் தெரியும். ஒன்றுக்கொன்று 90 பாகையில் இரு உணரிகளைப் பொருத்தினால் தண்டின் மையம் வரையும் பாதையே திரையில் தோன்றும்.

இதற்கும் குறைகள் உண்டு. தண்டின் கீறல், எஞ்சிய காந்தத்தன்மை, மேற்பூச்சு ஆகியவை இல்லாத அசைவைக் காட்டிவிடும். தண்டு எந்த உலோகத்தால் ஆனதோ அதற்கேற்ப அளவுத்திருத்தமும் தேவை.

இரு திரவங்கள்

உவர்நீர் மின்சாரத்தைக் கடத்தும். எனவே அது உணரியைக் குழப்பும் என எண்ணத் தோன்றும். கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமென்ஸ். உருக்கின் கடத்துதிறன் பல இலட்சம் சீமென்ஸ். ஆகவே உணரிக்குத் தண்டு உவர்நீருக்கு ஊடாகவும் தெரிகிறது. எண்ணெயும் அதற்குத் தடையன்று. உப்புக்காற்றின் தீங்கு வேறிடத்தில் உள்ளது. அது கம்பி இணைப்புகளை அரித்துப் பொய்க்குறிகளை உண்டாக்கும்.

கல்பாக்கத்தின் வேக ஈனுலைகளில் நிலைமை நேர்மாறானது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபர் 18 அன்று தொடர்வினை நிலையை எட்டியது. அதன் வெப்பத்தை உருகிய சோடியமே சுமந்து செல்கிறது. செங்குத்தான நீரேற்றித் தண்டின் கீழ்த்தாங்கிக்குச் சோடியமே மசகாகிறது. சோடியத்தின் கடத்துதிறன் உருக்குடன் ஒப்பிடத்தக்கது. எனவே அதற்கு அப்பாலுள்ள தண்டு உயர் அதிர்வெண் உணரிக்குத் தெரிவதில்லை. சோடியமட்டத்திற்கு மேலுள்ள தண்டுப் பகுதியிலேயே இவ்வளவீடு இயலும். அதே பண்பைக் கல்பாக்க ஆய்வாளர்கள் ஆக்கமாகப் பயன்படுத்தினர். பாயும் சோடியம் சுழல் மின்னோட்டத்தை மாற்றுவதைக் கொண்டு அதன் பாய்வை அளக்கும் உணரிகளை முன்மாதிரி வேக ஈனுலைக்காக உருவாக்கினர். ஓரிடத்தில் தடையான பண்பு பிறிதோரிடத்தில் அளவுகோலாயிற்று.

அளவீடும் காப்பும்

1993 மார்ச் 31 அன்று உத்தரப்பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில் விசையாழியின் குறையழுத்தப் பகுதியின் கடைசி அடுக்கில் இரு அலகுகள் முறிந்தன. சமநிலை குலைந்த தண்டு கடுமையாக அதிர்ந்தது. மின்னாக்கியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. மின்வடங்கள் எரிந்து, நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. டீசலால் இயங்கிய தீயணைப்பு நீரேற்றிகளே நீராவியாக்கிகளுக்கு நீர் அளித்தன. அலகு முறிந்தபின் அதிர்வு விநாடிகளில் பெருகும். அப்போது மனிதர் திரையைப் பார்த்து முடிவெடுக்கக் காலமிராது. ஆகவே உணரி பொறியைத் தானே நிறுத்தும் அமைப்போடு இணைய வேண்டும். முறிவுக்கு முந்திய சிறு மாற்றங்களும் பதிவாகி ஆராயப்பட வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கல்பாக்கத்தில் கடல்நீர் நீரேற்றி நிலையத்திற்குள் நீர்மட்டம் உயர்ந்து, குளிர்விப்பு நீரேற்றிகள் நின்றன. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. இங்குப் பொறியை நிறுத்திய காரணம் தண்டின் அதிர்வன்று. தண்டைக் காப்பது நிலையத்தைக் காப்பதன் ஒரு பகுதி மட்டுமே என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

முடிவுரை

சுழல் மின்னோட்ட உணரியின் வரலாறு, கோட்பாடு முந்தி அளவீடு பிந்திய வரலாறாகும். ரேங்கின் முதல் நியூகிர்க் வரை எழுந்த வினாக்களுக்குப் பொறிக்கூடத்திலேயே விடை காண 1960கள் வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வுணரியின் ஆற்றல் தண்டை மட்டுமன்றி இடையிலுள்ள திரவத்தையும் பொறுத்தது என்பது உவர்நீர், சோடியம் ஆகியவற்றின் ஒப்பீட்டால் பெறப்படுகிறது. அளந்ததை உரிய நேரத்தில் செயலாக்கும் ஒழுங்கு இல்லாதவிடத்து அளவீடு காப்பாகாது என்பதே நரோரா தரும் பாடமாகும்.