ஆஸ்டியோபதி: தோன்றிய வரலாறும் நோயாளி எதிர்பார்க்கக் கூடியவையும்

ஆஸ்டியோபதி என்பது கைகளால் மூட்டுகளையும் தசைகளையும் அழுத்தி, நீட்டி, அசைத்துச் செய்யப்படும் சிகிச்சை முறை ஆகும். எலும்பு, துன்பம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் வந்தது. இதன் பிறப்புக்குப் பின்னால் ஒரு தந்தையின் துயரம் இருக்கிறது.

தோற்றம்

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தார். தந்தையைப் போலவே மருத்துவம் செய்து வந்தார். 1864-இல் மூளைக்காய்ச்சல் அவர் வீட்டில் மூன்று குழந்தைகளைப் பலி கொண்டது. அன்றைய மருத்துவத்தில் பாதரசக் கலவையும் அபினும் சாராயமும் தாராளமாகப் புழங்கின. அவை நோயைவிட அதிகக் கேடு செய்வதும் உண்டு. மருந்துகள் மீது ஸ்டில்லுக்கு இருந்த நம்பிக்கை அடியோடு போய்விட்டது.

எலும்புகளின் அமைப்பை ஆராய்ந்த அவர், உடலின் கட்டமைப்பு பிசகினால் இரத்த ஓட்டம் தடைபடுகிறது, அதுவே நோய்க்குக் காரணம் என்று கருதினார். 1874-இல் தம் கொள்கையை அறிவித்தார். 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் சேர்க்கப்பட்டனர்.

இரண்டு பாதைகள்

1910-இல் வெளிவந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் தரக்குறைவைக் கடுமையாகச் சாடியது. ஆஸ்டியோபதிக் கல்லூரிகளும் அதற்குத் தப்பவில்லை. காலப்போக்கில் அவை மருந்தியலையும் அறுவை சிகிச்சையையும் முழுமையாகக் கற்பித்தன. 1973-க்குள் எல்லா மாநிலங்களும் இவர்களுக்கு முழு மருத்துவ உரிமை அளித்தன. மருந்தை வெறுத்தவர் தொடங்கிய பள்ளியின் வழிவந்தோர் இன்று அங்கே மருந்துச் சீட்டு எழுதுகின்றனர்!

பிரிட்டனில் கதை வேறு. கிர்க்ஸ்வில்லில் பயின்ற ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-இல் லண்டனில் ஒரு பள்ளி நிறுவினார். அங்கே ஆஸ்டியோபதி கைச்சிகிச்சையாகவே நின்றது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்தவர் மட்டுமே இப்பெயரைப் பயன்படுத்தலாம். ஆகவே ஒருவர் ஆஸ்டியோபதி பயின்றவர் என்றால், எந்த நாட்டில், என்ன படித்தார் என்று கேட்பது அவசியம்.

நோயாளி எதிர்பார்க்கக் கூடியவை

முதல் சந்திப்பில் நோயின் வரலாறு, பழைய காயங்கள், உண்ணும் மருந்துகள் ஆகியவை கேட்கப்படும். குனிந்து, நிமிர்ந்து, நடந்து காட்டச் சொல்வார்கள். பிறகே கைச்சிகிச்சை. மூட்டில் 'சடக்' என்ற ஓசை கேட்கலாம். அது எலும்பு இடம் மாறிய ஓசை அன்று. ஓரிரு நாள் வலியோ அசதியோ இருப்பதும் இயல்பு.

முதுகு வலிக்கு ஓரளவு பயன் உண்டு எனலாம். ஆனால் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்பு வலிக்குக் கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்தே தரலாம் என்கிறது. தொற்று நோய்களையோ ஆஸ்துமாவையோ இது குணமாக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

எலும்பு தேய்ந்தவர்களும் புற்றுநோய் உள்ளவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழுத்தைச் சட்டெனத் திருப்பும் முறையில் அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். அதை வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

ஸ்டில்லின் குழந்தைகளைக் கொன்ற மூளைக்காய்ச்சலுக்குப் பின்னாளில் விடை தந்தவை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் தடுப்பூசிகளுமே. அவர் தேடிய விடை கைகளில் இல்லை. ஆனால் நோயாளியைத் தொட்டு, பொறுமையாகக் கேட்டு அறியும் பழக்கம் அவர் விட்டுச் சென்ற நல்ல சொத்து ஆகும்.