பாலை வற்றவைத்து விற்ற பால்மா

பால்மாக் கம்பனிகளைப் பற்றிக் கதைச்சால், "வாங்கச் சொல்லி ஆரும் கட்டாயப்படுத்தேல்லையே" எண்டு சொல்லுவினம். எப்படி வாங்க வைத்தார்கள் என்று வரலாற்றைப் பார்ப்போம்.

1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், டின்பால் பிரசாரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று பேசினார். வியாபாரம் நிற்கவில்லை. பிறகு ஆபிரிக்க, ஆசிய நாடுகளின் மகப்பேற்று விடுதிகளுக்குள் தாதிச் சீருடையில் விற்பனைப் பெண்கள் போனார்கள். கையில் இலவச பால்மா டின். போத்தலுக்குப் பழகிய பிள்ளை மார்பை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் தாய்ப்பால் வற்றும். அதுக்குப் பிறகு டின் இலவசமில்லை. காசு காணாத தாய் மாவைக் குறைத்துத் தண்ணியைக் கூட்டினாள். அந்தத் தண்ணியும் சுத்தமில்லை. வயிற்றோட்டம், போசாக்கின்மை, சாவு.

1974இல் பிரித்தானியாவின் 'வோர் ஒன் வோன்ட்' அமைப்பு இதை அறிக்கையாக வெளியிட்டது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981இல் உலக சுகாதார சபை, பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் கோவையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இலங்கை 1983இல் தன் கோவையைக் கொண்டுவந்தது.

பால்மா தேவைப்படுகிற தாய்மாரை நாங்கள் குறை சொல்லவில்லை. தாயிடம் இருந்ததை வற்றவைத்துவிட்டு, அதையே விலைக்கு விற்றதைத்தான் கேட்கிறோம். அதைத் தடுத்தது கம்பனிகளின்ர மனச்சாட்சி இல்லை, சனத்தின்ர போராட்டம்.