ரத்தக் கை: இடைக்கால இங்கிலாந்தில் மான் அறுத்த கதை

வேட்டைக் கதைகள் பெரும்பாலும் மான் விழுந்ததும் முடிந்துவிடும். அம்பு பாய்ந்தது, மான் சாய்ந்தது, சுபம். உண்மையான வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பம். நூறு கிலோவைத் தாண்டிய ஒரு ஆண் மான் காட்டுக்குள் கிடக்கிறது. அதைக் கறியாக வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

இதில் அவசரம் எதற்கு? ஆடு மாதிரி மானும் அசைபோடும் மிருகம். அதன் பெரிய வயிறு முழுக்க நொதித்துக்கொண்டிருக்கும் புல்லும் தழையும். உயிர் போனதும் இந்த நொதித்தல் நின்றுவிடாது. வாயு சேர்ந்து வயிறு உப்பும். உடம்புச் சூட்டை அடர்த்தியான ரோமம் வெளியே விடாது. குடலை அங்கேயே எடுக்காவிட்டால் கறி உள்ளிருந்தே கெட ஆரம்பித்துவிடும். சரி, எடுக்கலாம் என்றால், கத்தி முனை வயிற்றிலோ மூத்திரப் பையிலோ பட்டால் கதை கந்தல். அதனால் தோலையும் அடியிலுள்ள மெல்லிய சதையையும் மட்டும் கீறி, உள்ளே இருப்பதைக் குத்தாமல் மொத்தமாக வெளியே இழுக்க வேண்டும். அதற்கு முன் கழுத்துப் பக்கம் உணவுக்குழாயைப் பிரித்தெடுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், வயிற்றில் இருப்பது மேலே வழிந்து கறியில் படாது.

இந்த முடிச்சை 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஆங்கிலக் கவிதை ஒன்றில் பார்க்கலாம். 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' என்ற அந்தக் கவிதையை எழுதியவர் யாரென்றே தெரியாது. மந்திரம், மாயம், தலையை வெட்டும் பந்தயம் என்று போகிற கதை. நடுவில் கவிஞர் கதையை நிறுத்திவிட்டு, மான்களை எப்படி அறுத்தார்கள் என்று வரிவரியாக விவரிக்கிறார். உணவுக்குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்து முடிச்சிடுவது, கால்களை வெட்டுவது, தோல் உரிப்பது, வயிற்றைத் திறப்பது என்று வேலை நடக்கிற வரிசையிலேயே வருகிறது. கடைசியில் காகத்துக்கு ஒரு துண்டு கூட உண்டு! கேட்டுக்கொண்டிருந்த பிரபுக்கள் இதை ரசித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவிஞர் இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்க மாட்டார்.

அதற்கும் முன்னால், சுமார் 1210இல், காட்ஃபிரீட் ஃபான் ஸ்ட்ராஸ்பர்க் ஜெர்மன் மொழியில் எழுதிய 'டிரிஸ்டன்' இன்னும் சுவாரசியம். தனியாக வந்து கரை சேர்ந்த சிறுவன் டிரிஸ்டன், கார்ன்வால் ராஜாவின் வேட்டைக்காரர்கள் மானைப் பன்றி மாதிரி நான்கு துண்டாக வெட்டப் போவதைப் பார்த்துப் பதறித் தடுக்கிறான். எங்கள் ஊரில் எப்படிச் செய்வோம் என்று செய்தும் காட்டுகிறான். ஈரல் முதலான நல்ல பாகங்களைக் கவட்டைக் குச்சியில் கட்டி ராஜாவுக்கு எடுத்துப் போகச் சொல்கிறான். நாய்களுக்கான பங்கை மான் தோலின் மேலேயே போடுகிறான். அவன் யார், எந்தக் குலம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவன் கத்தி பிடித்த விதத்திலேயே இவன் சாதாரணப் பையன் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கசாப்பு வேலை குலப்பெருமைக்கு அத்தாட்சி ஆகிறது. நம் ஊர்க் கணக்குக்கு இது தலைகீழ்.

(ஆங்கிலத்தில் இரைக்கு 'குவாரி' என்றொரு சொல் உண்டு. நாய்களுக்குத் தோலின் மேல் வைத்துக் கொடுத்த இந்தப் பங்கிலிருந்துதான் அது வந்தது. பிரெஞ்சில் 'குயிர்' என்றால் தோல். கல் உடைக்கிற குவாரி வேறு சொல்.)

இங்கிலாந்தில் செம்மான் கலைகளை வேட்டையாடும் பருவம் ஜூன் 24 வாக்கில் தொடங்கி செப்டம்பர் 14 வரை. மேய்ந்து மேய்ந்து கொழுப்பு ஏறியிருக்கும் காலம். கறிக்கு இதுதான் உச்சம், ஆனால் வருடத்தின் வெப்பமான மாதங்களும் இவைதான். தாமதித்தால் கெட்டுவிடும் கறியை வைத்துக்கொண்டு இவ்வளவு சடங்கு செய்திருக்கிறார்கள். சடங்கே ஒரு வேலைத் திட்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதற்கப்புறம் எது என்று எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தால் கை தானாக ஓடும், எதுவும் விட்டுப்போகாது. இன்னொன்று, கூட்டத்தின் நடுவே வரிசைப்படி அறுத்தால் யாரும் ஒரு துண்டை மறைத்து எடுக்க முடியாது.

பங்கு விஷயம் அவ்வளவு முக்கியம். நல்ல தொடைக்கறி பிரபுவுக்கு. முன்சப்பைகளில் ஒன்று காட்டுக்காவலருக்கு, மற்றது அறுத்தவருக்கோ சிறந்த வேட்டைக்காரருக்கோ. வலதா இடதா என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா, நிஜமாகவே இப்படிப் பிரித்தார்களா? இதற்கு எலும்புகள் பதில் சொல்கின்றன. விலங்கெலும்புத் தொல்லியல் ஆய்வாளர் நவோமி சைக்ஸ், இங்கிலாந்தின் பல அகழாய்வுகளில் கிடைத்த மான் எலும்புகளை ஒப்பிட்டிருக்கிறார். கோட்டைகளின் குப்பையில் பின்னங்கால் எலும்புகள் மிகுதி. காட்டுக்காவலர்கள் குடியிருந்த இடங்களில் முன்னங்கால் எலும்புகள் மிகுதி, அதிலும் ஒரே பக்கத்து எலும்புகள் தூக்கலாக. 1066இல் நார்மன்கள் வருவதற்கு முந்தைய இடங்களில் இந்தப் பாங்கு இல்லை. ஆக, இந்த முறை படையெடுத்து வந்தவர்களோடு வந்தது. அறுக்கும் கலைச்சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது.

அவர்களோடு காட்டுச் சட்டமும் வந்தது. மானைக் கொன்றவனின் கண்ணைப் பிடுங்க முதலாம் வில்லியம் சட்டம் போட்டதாக, அவர் 1087இல் இறந்ததைப் பதிவு செய்யும் ஆங்கிலோ-சாக்ஸன் குறிப்பு குமுறுகிறது. அரச காடு என்பது மரம் அடர்ந்த இடம் மட்டுமில்லை. அதன் எல்லைக்குள் கிராமங்களும் வயல்களும் இருந்தன. பயிரை மேய்ந்த மானைக் கூட விவசாயி தொடக் கூடாது. செத்துக் கிடந்த மானைக் கண்டால் பக்கத்து நான்கு ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு விசாரணை நடக்கும். 1217ஆம் வருடத்துக் காட்டுச் சாசனத்தில்தான், மானுக்காக இனி யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்க வேண்டாம் என்று வந்தது. அப்போதும் பெரிய அபராதம் உண்டு. கட்ட வழியில்லாதவனுக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் சிறை. வெளியே வரும்போது ஜாமீன் நிற்க ஆளில்லை என்றால் நாட்டைவிட்டே போக வேண்டும்.

இந்தச் சட்டத்தைத் தொகுத்து ஜான் மேன்வுட் 1598இல் ஒரு புத்தகம் போட்டார். மான் திருடனை அந்த இடத்திலேயே பிடிக்கப் போதுமான நான்கு அடையாளங்களை அதில் சொல்கிறார். வில்லோடு தயாராக நிற்பது, காயம்பட்ட மானை நாயைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவது, மானை முதுகில் சுமப்பது. நான்காவது, ரத்தக் கை. வேட்டையாடியதை யாரும் பார்த்திருக்க வேண்டாம். கையில் ரத்தம் இருந்தால் போதும்.

இப்போது அந்த ஆளின் நிலையை யோசித்துப் பாருங்கள். குடலை எடுக்காமல் தூக்கிப் போனால் கறி கெடும், சுமையும் அதிகம். அங்கேயே அறுத்தால் நேரமாகும், கை முழுக்க ரத்தம், காக்கைக் கூட்டம் வேறு வட்டமடித்து இடத்தைக் காட்டிக் கொடுக்கும். பிரபு பத்துப் பேர் சூழ, கொம்பு ஊதி நிதானமாகச் செய்கிற அதே வேலையை இவன் இருட்டில் தனியாக, சத்தம் வராமல் முடிக்க வேண்டும்.

மேன்வுட் புத்தகத்துக்குச் சற்று முன்னால், 1575இல், ஜார்ஜ் டர்பர்வில் பெயரால் அறியப்படும் வேட்டை நூல் வந்தது. அதில் ஒரு மரச்செதுக்குப் படம். கீழே மான் கிடக்கிறது, வேட்டைத் தலைவர் மண்டியிட்டு முதலாம் எலிசபெத் ராணியிடம் கத்தியை நீட்டுகிறார். நெஞ்சில் முதல் கீறல் போட்டுக் கொழுப்பு எவ்வளவு தடிமன் என்று பார்ப்பது அரச உரிமை. 1611இல் மறுபதிப்பு வந்தபோது ராணி போய் முதலாம் ஜேம்ஸ் ராஜா ஆகிவிட்டிருந்தார். பதிப்பகத்தார் படத்தில் ராணி இருந்த இடத்தை மட்டும் மாற்றி ராஜாவை நிறுத்திவிட்டார்கள். மானும் கத்தியும் அப்படியே.

சைக்ஸ் பார்த்த எலும்புகளில் இன்னொரு வகையும் உண்டு. இடைக்கால நகரங்களின் குப்பைக் குழிகளில் கிடைத்தவை. அங்கே தொடை, சப்பை என்ற பாகுபாடு இல்லை, மானின் எல்லாப் பாகமும் கலந்து கிடக்கிறது. யாருக்கும் பங்கு வைக்காமல் முழு மானாக ஊருக்குள் வந்திருக்கிறது. திருட்டு வேட்டைக் கறி என்பது அவருடைய ஊகம்.